பூச்சுக்கு முன் ஒரு கேள்வி

(மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் இந்தத் திருநாளை ஏற்படுத்தினார். உலகமெல்லாம் உழைப்பாளர் நாளாகக் கொண்டாடும் மே முதல் நாளையே அதற்குத் தேர்ந்தெடுத்தார். நம் பகுதி மக்களுக்கு யோசேப்பு புதியவர் இல்லை. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1726இல் நிறைவு செய்த தேம்பாவணி காப்பியத்துக்கு யோசேப்பைத்தான் தலைவராக வைத்தார். வளன் என்று அவருக்குத் தமிழில் பெயரும் சூட்டினார். அரசனையும் படைத்தலைவனையும் பாடிய மொழியில், கைத்தொழில் செய்து பிழைத்த ஒருவரைப் பற்றி 3615 பாடல்கள்!

நற்செய்தியில் நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சருடைய மகன் என்று குறிப்பிடுகிறார்கள் (மத்தேயு 13:55). அங்கே வரும் கிரேக்கச் சொல் மரவேலை செய்பவரை மட்டுமல்லாமல், வீடு கட்டும் கைவினைஞரையும் குறிக்கும் என்று விவிலிய அறிஞர்கள் சொல்வார்கள். ஆகவே யோசேப்பின் கையில் உளியும் இருந்திருக்கலாம், கரணையும் இருந்திருக்கலாம். அந்தக் கரணையை நினைத்துக்கொண்டு, இன்று ஒரு குளியலறைக் கூரையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். மறையுரையில் குளியலறையா என்று சிரிக்க வேண்டாம். நாங்கள் பாடம் படித்த இடம் அதுதான்.

நாங்கள் பணி செய்யும் பங்கு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமப் பங்கு. நாங்கள் என்று சொல்வது பங்குத்தந்தையையும் பங்குப் பேரவையையும் சேர்த்துத்தான். ஆனால், சொல்லப்போகும் தவறில் முதல் பங்கு பங்குத்தந்தையுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பங்கு இல்லத்தின் மாடியில் விருந்தினருக்கென்று ஓர் அறையும் அதனுடன் ஒரு குளியலறையும் கட்டினோம். வேலை பார்த்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். தூக்குக்குண்டு இல்லாமலே சுவர் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்லிவிடுவார். மாடிக் குளியலறையில் கழிவுக்குழாய்களைப் பதித்து முடித்த அன்று அவர் எங்களிடம் வந்து, "சாமி, குழாயை அடைச்சு, ரெண்டு விரக்கடை தண்ணி கட்டி, ரெண்டு நாள் விட்டுப் பாத்துருவோம். கீழே பொசியலைன்னா அப்புறம் டைல்ஸ் ஒட்டலாம்" என்றார்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மறையுரை ஆற்ற வரும் குருக்கள் அந்த அறையில்தான் தங்க வேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேஸ்திரி, நாளைக்கே ஒட்டிவிடுங்கள்" என்றோம். அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு, "சரிங்க சாமி" என்று போய்விட்டார்.

விருந்தினர் அறை என்பதால் தினமும் புழக்கம் கிடையாது. அதனால் ஓராண்டு வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மாடியில் யாராவது தங்கிவிட்டுப் போன மறுநாள், கீழே இருக்கும் குளியலறையின் கூரையில் தேநீர்க் கறைபோல ஒரு வட்டம் தெரியத் தொடங்கியது. வட்டம் விரிந்தது. ஓரத்தில் உப்புப் பூத்தது. நடுவில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது.

நாங்கள் என்ன செய்தோம்? பங்குப் பேரவைக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், மேஸ்திரியின் வேலை சரியில்லை என்று சொன்னோம். அவருக்குத் தர வேண்டிய கடைசித் தவணை 14,500 ரூபாய் நிலுவையில் இருந்தது. அதைத் தர வேண்டியதில்லை என்று முடிவும் செய்தோம். அவர் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தண்ணீர் கட்டச் சொன்னேனே என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. எழுந்து போனார். இரண்டொரு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு அவர் பக்கத்துப் பங்குக்குப் போகிறார் என்று உபதேசியார் சொன்னார். "வயசானவர், கோபம் தணிந்தால் வருவார்" என்று நாங்கள் அதைக் கடந்து போய்விட்டோம்.

அன்பார்ந்தவர்களே, அடுத்த ஆண்டு உறுதிபூசுதலுக்காக ஆயர் எங்கள் பங்குக்கு வருவதாக இருந்தது. கூரையில் அந்தக் கறையோடு வீட்டைக் காட்ட எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பெரம்பலூரிலிருந்து பெயின்டர் தம்பி ஒருவரை வரவழைத்தோம். இப்போது திருமண மண்டபங்களிலும் புது வீடுகளிலும் டெக்ஸ்சர் என்று ஒரு பூச்சு செய்கிறார்களே, அதில் கை தேர்ந்தவர். சுவரை வழவழவென்று விடாமல், மணல் மேட்டில் காற்று வரைந்ததுபோலவோ, மரப்பட்டைபோலவோ மேடும் பள்ளமுமாகச் செய்வது அது. முதலில் தளர்ந்த சுண்ணாம்பையும் பழைய பெயின்டையும் சுரண்ட வேண்டும். பிறகு பிரைமர். அது காய்ந்ததும் களிபோல் கெட்டியான டெக்ஸ்சர் கலவையைக் கரணையால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ரோலரையோ பஞ்சையோ ஒற்றி ஒற்றி எடுத்தால் வடிவம் எழும்பும். கடைசியில் அதன்மேல் நிறம். சுவரில் செய்வதைவிடக் கூரையில் செய்வது கடினம். சாரத்தின்மேல் நின்று, தலையை அண்ணாந்தபடியே, கண்ணிலும் கழுத்திலும் கலவை சொட்டச் சொட்டச் செய்ய வேண்டிய வேலை.

அந்தத் தம்பி கூரையை அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்: "சாமி, இது மேலேருந்து வர்ற தண்ணியா, இல்ல வெந்நீர் ஆவி பட்டு வேர்க்கிறதா? ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்ருவோம். தாளுக்கு வெளிப்பக்கம் துளி நின்னா ஆவி. உள்பக்கம் நின்னா மேலே கசிவு. ஆவின்னா காத்தாடி வெச்சாப் போதும். கசிவுன்னா நான் பூசி பிரயோஜனம் இல்ல."

எவ்வளவு எளிய சோதனை! ஒரு தாள், கொஞ்சம் டேப், ஒரு நாள். ஆனால் ஆயர் சனிக்கிழமை வருகிறார். "கசிவெல்லாம் இல்லை தம்பி, பழைய கறைதான். நீங்கள் பூசுங்கள்" என்றோம். அது உண்மை இல்லை என்று சொல்லும்போதே எங்களுக்குத் தெரியும்.

பூசினார். அழகாக இருந்தது. வெளிர் நீலத்தில், அலை அலையாக. வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, "சாமி, ஓட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திருவருகைக் காலத்தில் மூன்று நாள் தியானம் வைத்தோம். வெளியூரிலிருந்து வந்த நான்கு பேர் மாடி அறையில் தங்கினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரிய சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தோம். கீழ்க் குளியலறைத் தரையெல்லாம் நீலப் பூச்சும் சிமெண்டும் சிதறிக் கிடந்தன. தட்டளவு ஒரு துண்டு, முழங்கை நீளத்துக்கு இன்னொரு துண்டு. மேலே துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது. எங்கள் உபதேசியார், எழுபது வயதுக்காரர், பூசை மணி அடிக்கப் போவதற்காக அந்த இடத்தில் முகம் கழுவிவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஈரத் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோது எங்களுக்குக் கைகால் நடுங்கியது.

என்ன நடந்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். கசிந்த தண்ணீர் போக வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் நின்றது. முன்பாவது அது காற்றுப்பட்டுக் கொஞ்சம் காய்ந்தது. நாங்கள் பூசிய அழகான பூச்சு அந்த வழியையும் அடைத்தது. உள்ளே உப்புப் பொரிந்து பூச்சை வெளியே தள்ளியது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்து, தன்னைச் சுற்றியிருந்த சிமெண்டைப் பிளந்தது. கறையாக இருந்தவரை அது எங்களை எச்சரித்துக்கொண்டிருந்தது. அழகாக்கிய பிறகுதான் ஆள்மேல் விழக்கூடியதாக மாறியது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 1950களுக்குப் பிறகு ஏராளமான வீடுகளில் கூரைக்கு இப்படிப் பொரிபொரியான பூச்சைத் தெளித்தார்கள். மேடுபள்ளத்தையும் இணைப்பையும் சீர்செய்யும் சிரமம் இல்லாமல் எல்லாவற்றையும் அது மறைத்துவிடும் என்பதும் ஒரு காரணம். அந்தக் கலவைகள் பலவற்றில் கல்நார் சேர்த்திருந்தார்கள். கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உணர்ந்து 1970களில் அப்படித் தெளிப்பதைத் தடை செய்தார்கள். இன்றும் பழைய வீட்டின் கூரையைச் சுரண்டுவதற்கு முன் அங்கே பரிசோதனை செய்துகொள்கிறார்கள்.

பிரியமானவர்களே, அன்று இரவு நாங்கள் விவிலியத்தைத் திறந்தபோது லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. பலமுறை வாசித்துத் தாண்டிப்போன அதிகாரம். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிகுழியாக ஏதாவது படர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கடவுள் மோசேக்குக் கற்பிக்கிறார். வீட்டுக்காரரே குருவிடம் வந்து, என் வீட்டில் இப்படி ஒன்று தெரிகிறது என்று சொல்ல வேண்டும். குரு வந்து பார்ப்பார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைப்பார். ஏழாம் நாள் திரும்ப வந்து பார்ப்பார். படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்து, சுவரைச் சுற்றிலும் சுரண்டி, வேறு கற்களை வைத்து, வேறு சாந்து பூச வேண்டும். அதன் பிறகும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும்.

கவனித்தீர்களா? பூச வேண்டாம் என்று கடவுள் சொல்லவில்லை. பூச்சு கடைசியில் வருகிறது. அதற்கு முன் சொல்லுதல் இருக்கிறது, பார்த்தல் இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது, பெயர்த்தல் இருக்கிறது, சுரண்டல் இருக்கிறது. மேஸ்திரி கேட்டது இரண்டு நாள். பெயின்டர் தம்பி கேட்டது ஒரு நாள். கடவுள் ஏழு நாள் கேட்கிறார். நாங்கள் ஒருவருக்கும் ஒரு நாளும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. குரு உள்ளே போவதற்கு முன் வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிடச் சொல்கிறார், வீட்டோடு சேர்ந்து அவையும் தீட்டாகிவிடக் கூடாது என்று. எவ்வளவு கரிசனை! குறையைக் கண்டுபிடிக்க வரும் கடவுள் நம் பானை சட்டியைக்கூடக் காப்பாற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரப் பயப்படுகிறவர்கள் இந்த வசனத்தை வாசிக்க வேண்டும் (லேவியர் 14:36).

எசேக்கியேல் 13ஆம் அதிகாரம் குருக்களாகிய எங்களுக்கு இன்னும் உறைக்கும். மக்கள் உறுதியில்லாத சுவர் எழுப்புகிறார்கள், இறைவாக்கினர்கள் அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று ஆண்டவர் குறை சொல்கிறார். அமைதி இல்லாத இடத்தில் அமைதி இருப்பதாக அவர்கள் சொன்னார்களாம். மழை வரும், கல்மழை வரும், சுவர் விழும், அப்போது நீங்கள் அடித்த சுண்ணாம்பு எங்கே என்று கேட்பார்கள் என்கிறார். ஊரில் ஒரு பிரச்சினை வந்தால், திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறோம்!

ஆனால் எங்கள் நெஞ்சில் குத்தியது எரேமியா 22ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம். அநீதியால் மாடியறைகளைக் கட்டுகிறவனுக்கு, அடுத்தவனிடம் வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு ஐயோ கேடு என்கிறார் இறைவாக்கினர். அடுத்த வசனத்தில் அந்த வீட்டுக்கு அடித்த சிவப்பு வண்ணத்தைப் பற்றியும் சொல்கிறார். மாடியறை, கொடுக்காத கூலி, வண்ணப் பூச்சு. 2600 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஓர் அரசனுக்குச் சொன்னது எங்கள் பங்கு இல்லத்தைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. அன்றுவரை நாங்கள் கசிவை மாடியில் தேடிக்கொண்டிருந்தோம்.

திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15ஆம் நாள் வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடலில், தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியைத் தராமல் இருப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பெருங்குற்றம் என்று யாக்கோபின் திருமுகத்தைக் காட்டி எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1867ஆம் பத்தியில், வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களின் வரிசையில், ஆபேலின் இரத்தத்தோடு கூலியாளுக்கு இழைத்த அநீதியையும் சேர்த்துச் சொல்கிறது. கொலைக்குப் பக்கத்தில் கூலி! இதை நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம்.

மறுநாள் பொங்கலுக்கு முந்திய வேலை நாள்போல ஊரே பரபரப்பாக இருந்தது. நாங்கள் 14,500 ரூபாயோடு, தாமதித்ததற்காக இன்னும் 5,000 சேர்த்து எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். "உட்காருங்க சாமி" என்றார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கூரை விழுந்ததைச் சொன்னோம். மாடியில் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்ததையும், கழிவுக்குழாய் மூடியைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி இருந்ததையும், இரண்டு நாள் தண்ணீர் கட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்பதையும் சொன்னோம். தவறு எங்களுடையது என்று சொல்லிப் பணத்தை நீட்டினோம்.

அவர் எண்ணினார். 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து எங்கள் கையிலேயே வைத்தார். "கூலி மட்டும் போதும் சாமி" என்றார்.

அவர் மனைவி தூணருகே நின்றபடி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "காசு கெடக்கு சாமி. அத்தனை பேரு முன்னாடி சொன்னீங்களே, அதை எங்கே போய் வாங்குறது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் செய்ய மனம் வரவில்லை. தனியாக மன்னிப்புக் கேட்டாயிற்றே, பணமும் கொடுத்தாயிற்றே, இனி மேடையில் ஏறி வேறு சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் எங்களுக்குள் வாதாடினோம். அதுவும் ஒரு டெக்ஸ்சர்தான். பணத்தால் பூசிவிடலாம் என்று பார்த்தோம். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் ஆண்டவர் முன் எழுந்து நின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஊர் முணுமுணுத்துக்கொண்டு நின்ற இடத்தில் சொன்னார் (லூக்கா 19:7-8). இரகசியமாகக் கடிதம் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அறிவிப்பு நேரத்தில் நாங்கள் பீடத்தின் படியில் இறங்கி நின்று நடந்ததைச் சொன்னோம். மேஸ்திரி சொன்ன இரண்டு நாள், நாங்கள் கொடுக்காத இரண்டு நாள், அவர்மேல் போட்ட பழி, பெயின்டர் தம்பியிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். பங்குப் பேரவை உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள். கோயிலில் சத்தமே இல்லை. மேஸ்திரி அன்று வரவில்லை. அவர் மனைவி வந்திருந்தார். கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மேஸ்திரி கருவிப் பையோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மனந்திரும்புதல் எப்படி நடக்க வேண்டும் என்று அதில் பார்த்தோம். முதலில் மேலே குழாய் மூடியைச் சுற்றிக் கொத்தி, புதிதாக அடைத்தார். தண்ணீர் கட்டினார். இரண்டு நாள். கீழே ஒரு துளி இல்லை. அதன் பிறகுதான் கீழே கை வைத்தார். தளர்ந்ததையெல்லாம் தட்டித் தட்டி இறக்கினார். கரணையின் பிடியால் தட்டும்போது உறுதியான இடம் ணங் என்று ஒலித்தது. உள்ளே காற்று நின்ற இடம் பொத்தென்றது. பொத்தென்ற இடம் ஒன்றையும் விடவில்லை. நாங்கள் பார்த்து நல்லதென்று நினைத்த இடங்கள் பலவும் விழுந்தன. கம்பியின் துருவைத் தேய்த்துத் துருத் தடுப்பு பூசினார். கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார். "வழவழன்னு இருந்தா புதுக்கலவை பிடிக்காது சாமி. காயம் பட்டாத்தான் பிடிக்கும்" என்றார். சிமெண்ட் பால் அடித்து, ஒன்றுக்கு மூன்று கலவையில், ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பூசினார். கூரைப் பூச்சு கனத்தால் தன் எடையிலேயே விழுந்துவிடுமாம். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆற்றினார்.

பிறகு, "இனிமே யாரும் தொடாதீங்க. முழுசாக் காயட்டும்" என்றார். தவக்காலம் தொடங்கியிருந்தது. நாற்பது நாளும் அந்தக் கூரை சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வந்தவர்கள் என்ன இது என்று கேட்டார்கள். காய்கிறது என்று சொன்னோம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு மேஸ்திரியே பெரம்பலூர்த் தம்பியை வரவழைத்தார். இந்த முறை ஆழமான அலை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். குளியலறையில் பள்ளம் ஆழமாக இருந்தால் ஆவி தங்கும், பூசணம் வரும். மெல்லிய பொரி வடிவம், அதன்மேல் தண்ணீர் தாங்கும் நிறம், சன்னலில் ஆவியை வெளியே தள்ள ஒரு சிறு விசிறி. தம்பி சாரத்தில் நின்று ஒற்ற, மேஸ்திரி கீழே நின்று, "அந்த ஓரம் கொஞ்சம் விட்டுப்போச்சு தம்பி" என்று காட்டிக்கொண்டிருந்தார். பூச்சு இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. இதற்குப் பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி இந்தக் கதையை முடிக்க எங்களுக்கு உரிமை இல்லை. மேஸ்திரி எங்கள் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். அவர் மகன் இன்னும் வரவில்லை. அப்பாவைத் திருடனைப்போல நிறுத்தினீர்கள் என்பது அவன் மனதில் இருக்கிறது. அவன் சொல்வது நியாயம். அந்தக் கலவை காய எங்களால் அவசரப்படுத்த முடியாது. காத்திருக்கிறோம். வாசலில் பார்த்தால் கும்பிடுகிறோம்.

அன்பு நேயர்களே, நாம் வாழும் மண்ணைப் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. அன்று கடலில் வாழ்ந்த உயிர்களின் கூடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று அரியலூரில் தோண்டிச் சிமெண்ட் ஆக்குகிறோம். தோண்டத் தோண்டச் சங்கும் சிப்பியும் கல்லாக வெளிவருகின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் அளவுக்கு நீண்ட ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அத்தனை காலம் மண்ணுக்கடியில் கிடந்ததே வெளியே வந்துவிட்டதென்றால், நாம் இரண்டு மில்லிமீட்டர் பூச்சுக்குள் மறைத்தது எத்தனை நாள் இருக்கும்? மூடியிருப்பது எதுவும் வெளிப்படாமல் போகாது என்று ஆண்டவரும் சொல்லியிருக்கிறார் (லூக்கா 12:2).

ஆகவே இந்தத் திருநாளில் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கூலி. நம்மில் பலர் வீடு கட்டியிருக்கிறோம், கிணறு வெட்டியிருக்கிறோம், கடலையும் பருத்தியும் எடுக்க ஆள் வைத்திருக்கிறோம். கொத்தனாருக்கோ, கல் சுமந்த சித்தாளுக்கோ, வடக்கேயிருந்து பிழைக்க வந்த பிள்ளைகளுக்கோ ஏதாவது பாக்கி இருக்கிறதா? வேலை சரியில்லை என்று சொல்லிப் பிடித்துவைத்த தொகை ஏதாவது இருக்கிறதா? உண்மையிலேயே வேலைதான் சரியில்லையா என்று இன்னொரு முறை பாருங்கள். தம் பிள்ளை வெளிநாட்டில் மூன்று மாதமாகச் சம்பளம் வராமல் தவிக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது, பேச்சு. பத்துப் பேர் முன்னிலையில் ஒருவரைப் பழித்திருந்தால், அந்தப் பத்துப் பேர் முன்னிலையிலேயே திருப்பி எடுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், மாமியார் மருமகள் சண்டையில், அன்பியக் கூட்டத்தில் விழுந்த வார்த்தைகள் நிறைய. தனியாகக் கேட்கும் மன்னிப்பு நல்லதுதான். ஆனால் சில கடன்களை எந்தச் சந்தையில் வாங்கினோமோ அங்கேதான் திருப்பிக் கொடுக்க முடியும்.

மூன்றாவது, பொறுமை. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:23-24). திருவிழா வந்துவிட்டது, ஆயர் வருகிறார், கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று நாம் தள்ளிப்போடுவதைத்தான் அவர் முதலில் செய்யச் சொல்கிறார். பலிபீடமே காத்திருக்கலாம் என்கிறார். நம் கொடியேற்றம் காத்திருக்கக் கூடாதா?

இப்போதெல்லாம் புது வீடு மந்திரிக்க எங்களை அழைத்தால், தீர்த்தம் தெளிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். கொத்தனாருக்குக் கணக்கு முடித்துவிட்டீர்களா? சிலர் சிரிக்கிறார்கள். சிலர் பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்க்கிறார்கள். ஒருவர், "ஒரு நிமிடம் சாமி" என்று உள்ளே போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டு, பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு தெளித்த தீர்த்தம் அந்த வீட்டில் எங்கும் பட்டிருக்கும் என்று நம்புகிறோம்.

செபிப்போம். விண்ணகத் தந்தையே, உம் திருமகனைத் தொழிலாளியின் வீட்டில் வளரச் செய்தீர். எங்கள் வீடுகளில் நாங்கள் பூசி மறைத்ததை எங்களுக்குக் காட்டியருளும். அது ஒருவர்மேலும் விழுமுன் அதைப் பெயர்த்தெடுக்கும் துணிவைத் தாரும். வெயிலிலும் சாரத்திலும் உழைக்கும் எல்லாரையும், அண்ணாந்து நின்று எங்கள் கூரைகளைப் பூசும் கைகளையும் காத்தருளும். கூலிக்காகக் காத்திருப்போருக்கு அது இன்றே கிடைக்கச் செய்தருளும். புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.